லாரி மூடி போட்ட ஜீப் ரிலே

ராணுவ லாரிகளைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் டக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். சீருடை இல்லாத ஆள், எலக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிலே இழுக்கிற சத்தம் காதில் விழுந்ததும், வகுப்பில் பதில் தெரிந்துவிட்ட ஒரே பையன் மாதிரி "டக்கு!" என்று கத்துவார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

ரிலே என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு செம்புக்கம்பிச் சுருளும் ஒரு சின்ன இரும்பு நாக்கும் இருக்கும். டிரைவர் சுவிட்சைத் தட்டினால் விளக்கு நேராக எரிந்துவிடாது. சுவிட்ச் சுருளுக்குத் தகவல் சொல்லும், சுருள் நாக்கை இழுக்கும், நாக்கு போய் ஒட்டினால்தான் விளக்குக்கு மின்சாரம் பாயும். ஒட்டும்போது வருகிற சத்தம்தான் அந்த 'டக்'. ஒருவர் உத்தரவு போட, இன்னொருவர் அதை வாங்கி மூன்றாமவர் தலையில் கட்டுகிற ஏற்பாடு. ராணுவத்துக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

லாரியில் இந்த டப்பாக்கள் கேபினுக்குப் பின்னால், பேட்டரிக்குப் பக்கத்தில், ஓர் இரும்புப் பெட்டிக்குள் வரிசையாகச் செருகியிருக்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எது ஹார்னுக்கு, எது விளக்குக்கு என்று மூடியின் உள்பக்கம் ஒரு படம் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முன்னால் பெயின்டர் அந்தப் படத்தின் மேலேயே பச்சை அடித்துவிட்டுப் போவார். ஏனய்யா என்று கேட்டால், "வண்டி முழுக்க அடின்னாங்க, அடிச்சேன்" என்பார். ஆகவே படம் எலக்ட்ரீஷியன்களின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

எந்த ரிலேமேல் சந்தேகமோ அதைப் பிடுங்கி ஹார்ன் ரிலேயின் இடத்தில் செருகிப் பார்ப்பார்கள். ஹார்ன் அடித்தால் ரிலே யோக்கியம், கோளாறு வயரில். அடிக்காவிட்டால் ரிலே போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரில் யாருக்கு எது என்றாலும் ஜாமீனுக்கு இழுத்துவரப்படுகிற மனிதர் ஒருவர் இருப்பாரே, பெட்டிக்குள் அது ஹார்ன் ரிலே.

இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. சாவி கேபினில், ரிலே வெளியே. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பெட்டியருகே நின்று எது இழுக்கிறது, எது இழுக்கவில்லை என்று கேட்டுச் சொல்ல வேண்டும். டக்கு பெட்டியருகே நிற்பார். சாவியில் அவருடைய மச்சான் உட்காருவான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதற்கு முன்னால் சிநேகிதன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேபிள் ஃபேன் சரி செய்ய வேண்டும் என்று டக்குவை வீட்டுக்கு அழைத்துப் போனான். ஃபேன் சரியாகிவிட்டது, ஆனால் டக்கு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்த வீட்டுப் பெண் சிப்பாய்களின் சட்டைகளுக்குப் பட்டையும் பேட்ஜும் தைத்துக் கொடுக்கிறவள். மெஷினில் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்துகொண்டே, "ஃபேன் இன்னும் நல்லாதான் ஓடுது, அடுத்த வாரம் எதை ரிப்பேர் பண்ண வருவீங்க?" என்று கேட்டாள். அந்த வாய்க்கு அவர் விழுந்துவிட்டார். "பொண்ணைக் கட்டினா நானும் இலவசம் மாப்ள, திருப்பிக் கொடுக்க முடியாது" என்று மச்சான்காரன் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

மச்சான் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோம்பேறி என்று வேண்டுமானால் சொல்வார்கள். அரைமணி நேர வேலையைப் பேச்சிலேயே பூசி மெழுகிவிடுவான். அதற்காக ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருந்தான். இன்னொரு தடவை என்றால் வேலையே போய்விடும் என்று ஃபோர்மன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். டக்குதான் அவன் விட்ட வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்தார். உறவாகிவிட்டதே, என்ன செய்வது.

அப்புறம் டக்குவின் காது போயிற்று.

ஒரேயடியாகப் போகவில்லை. ஜெனரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நின்றே காலம் கழித்தவருக்குச் சின்னச் சத்தங்கள் முதலில் விடைபெற்றன. கடிகாரம், குழாய்ச் சொட்டு, பிறகு ரிலே. கண்டுபிடித்தது மனைவி. அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் அவர் திரும்பாததைப் பார்த்து, முதலில் திமிர் என்று நினைத்துச் சண்டை பிடித்தாள். அப்புறம் புரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து அவர் முன்னால் வந்து நின்றுதான் பேசுவாள். முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு விளங்கிவிடும். எதிரில் நிற்கிற ஆள் வாயை மூடிக்கொண்டு முணுமுணுத்தால்தான் சிக்கல்.

பட்டறைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் எலக்ட்ரிக்கல் பிரிவில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். பேட்டரி ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டறையின் கடைசியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, சார்ஜில் போடுவது, எடுப்பது. ஆசிட் தெறித்துக் கால்சட்டையெல்லாம் ஓட்டை. யோசிக்கவே வேண்டியதில்லாத வேலை. கோளாறைத் துரத்திப் பிடிப்பதில்தான் டக்குவுக்கு உயிரே இருந்தது. அது போனால் தான் வெறும் ஆள் என்று அவர் நினைத்தார், மனைவியிடம் அப்படியே சொல்லவும் செய்தார்.

அவள்தான் அண்ணனைக் கூப்பிட்டு வழி கண்டுபிடித்தாள். "இனிமே நீ பொட்டிகிட்ட நில்லு, அவர் சாவியில உக்காரட்டும். நீதான் அவருக்குக் காது" என்றாள். அப்படியே ஆயிற்று. டக்கு கேபினில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார். மச்சான் கட்டைவிரலைத் தூக்கினால் ரிலே இழுக்கிறது, கையை விரித்தால் இல்லை. எந்த வண்டியும் தப்பாகப் போகவில்லை. இரண்டு பேருக்கும் வயசாகிவிட்டது, இடத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று பட்டறை நினைத்துக்கொண்டது.

அந்த லாரி வந்தது ஒரு பரபரப்பான காலையில். மறுநாள் மலைப்பக்கம் பயிற்சிக்குப் போகிற வண்டி. முன்விளக்கு எரியவில்லை. டக்கு பார்த்து, ஹார்னோடு மாற்றிச் செருகி, ரிலேதான் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். "ஸ்டோர்ல புதுசு வாங்கி மாட்டு மச்சான்" என்று அனுப்பிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது பெட்டியில் ரிலே இருந்தது. மேலே இருபத்துநாலு வோல்ட் என்று அச்சடித்திருந்தது. சாவியைத் திருப்பினார், விளக்கு சுவிட்சைப் போட்டார், கண்ணாடியில் கட்டைவிரல் எழுந்தது. எதிர்ச் சுவரில் விளக்கு வெளிச்சமும் விழுந்தது. வண்டி போகலாம் என்று பொறுப்பில் இருந்த அவர்தான் சொன்னார்.

மறுநாள் மலைப்பாதையில் இருட்டத் தொடங்கிய நேரத்தில் அந்த விளக்குகள் இரண்டும் ஒன்றாக அணைந்தன. லாரி பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. டிரைவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் ஆட்கள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

வண்டியை இழுத்து வந்து நிறுத்தியதும் டக்கு பெட்டியைத் திறந்தார். விளக்கு ரிலே உருகிக் கருகியிருந்தது. பிடுங்கி, மூடியை நெம்பிக் கழற்றினார். சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லாரிக்கு இருபத்துநாலு வோல்ட், ஜீப்புக்குப் பன்னிரண்டு. இரண்டு ரிலேயும் வெளியே அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். ஆனால் லாரி ரிலேயின் சுருள் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியில் சுற்றியிருக்கும், ஜீப்புடையது தடித்த கம்பி. இது தடித்த கம்பி. லாரிக்குள் செருகினால் முதலில் ஜோராக இழுக்கும். கொஞ்ச நேரம் எரியவிட்டால் சூடேறி வெந்துவிடும். செத்துப்போன லாரி ரிலேயின் மூடியை யாரோ கழற்றி ஜீப் ரிலேக்குப் போட்டிருக்கிறார்கள். தெரியாமல் மாட்டினால் மூடியை மாற்ற மாட்டார்கள். தெரிந்துதான் மாற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அவருக்குத் தெரியும். மச்சானை லாரிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய்க் கையை விரித்துக் காட்டினார்.

"இது உன் வேலையா மச்சான்?"

அவன் ரிலேயைப் பார்த்தான், பூட்சைப் பார்த்தான். "ஸ்டோர்ல சரக்கு இல்ல மாப்ள. மத்தியானத்துக்குள்ள வண்டி வேணும்னு ஃபோர்மன் உயிரை எடுத்தாரு. லேட்டானா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. புதுசு வந்ததும் மாத்திடலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வண்டிய விட மாட்டே."

விட்டிருக்க மாட்டார், அது உண்மை.

"நாளைக்கு விசாரணை வச்சிருக்காங்க" என்றார். "நீயா சொல்லிடு. நான் பக்கத்துல இருக்கேன். ஸ்டோர்ல இல்லாதது யார் தப்புன்னு நானும் கேக்கறேன். முதல் ஆளா நீ ஒத்துக்கிட்டா வேலைய எடுக்க மாட்டாங்க."

"சொல்லிடறேன் மாப்ள" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண்கூடக் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்து டக்கு ரிலேயை அவனிடமே கொடுத்தார். நீயே எடுத்து வை, நீயே காட்டு, அப்போதுதான் மரியாதை என்றார்.

அன்று சாயங்காலம் அவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்த டிரைவர், "நீங்க பாத்த வண்டிண்ணே, அதான் எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றான். அவன் குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். நாளைக்கு எல்லாம் தெரிந்துவிடும் தம்பி என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி சாப்பாடு போட்டாள். அதிகம் பேசவில்லை. விபத்துக் கவலை என்று நினைத்தார்.

விசாரணை ஃபோர்மனின் அறையில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் கேப்டன், பக்கத்தில் ஃபோர்மன், எதிரில் இவர்கள் இரண்டு பேர். கேப்டன் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். யார் ரிலே மாட்டியது என்று கேட்டார். நான்தான் சார் என்று மச்சான் முன்னால் வந்தான். டக்குவுக்குப் பாதி பாரம் இறங்கியது.

"ஸ்டோர்ல ரிலே இல்ல சார். சாக்கெட்டுக்குக் கரன்ட் வருதான்னு பாக்க டெஸ்டுக்காக ஜீப் ரிலேய மாட்டினேன். 'டெஸ்டுக்குத்தான், வண்டிய விட்டுடாதீங்க'ன்னு கத்தினேன் சார்." அவன் டக்குவுக்கு முகம் தெரிகிற மாதிரிதான் நின்றிருந்தான். ஒரு சொல்கூட அவருக்குத் தப்பவில்லை. "அவருக்குக் கேக்கல. அவருக்குக் காது கேக்காது சார். ரொம்ப நாளாவே கேக்காது. சொந்தமாச்சேன்னு மறைச்சு வச்சிருந்தேன். அது என் தப்புதான்."

என்ன ஒரு அடக்கம் பாருங்கள். அது என் தப்புதான் என்று தலையை வேறு குனிந்துகொண்டான். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அதிலும் இது பதவிசாக அறுப்பது.

டக்கு மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். "பொய் சார். கண்ணாடியில கட்டைவிரலக் காட்டினான். டெஸ்டுக்கு மாட்றவன் எதுக்கு சார் லாரி மூடிய மாத்திப் போடறான்? ரிலேய எடுத்துப் பாருங்க."

"பழைய ரிலே போடற டிராயர்ல மூடியெல்லாம் கலந்து கிடக்கும் சார்" என்றான் மச்சான். கருகிய ரிலே எங்கே என்று கேட்டதற்கு, குப்பையோடு போயிருக்கும் என்றான்.

கேப்டன் எழுந்து டக்குவுக்குப் பின்னால் போனார். டக்கு திரும்பப் பார்த்தார். திரும்ப வேண்டாம் என்று ஃபோர்மன் கையைக் காட்டினார். எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கேப்டன் ஏதோ கேட்கிறார் என்று ஃபோர்மனின் கண் போகிற போக்கில் தெரிந்தது. என்ன கேட்கிறார்? பெயரா, வயசா, எத்தனை வருஷ சர்வீஸ் என்றா? உத்தேசமாக ஏதாவது சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி நினைத்தார். வெட்கமாக இருந்தது. சும்மா நின்றார்.

கேப்டன் முன்னால் வந்து, மெதுவாக, வாயை நன்றாக அசைத்து, "ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றார். அந்த மென்மைதான் அவரை உடைத்தது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார்.

அதோடு ரிலே விஷயம் முடிந்தது. மூடி, சுருள், கட்டைவிரல் எதையும் யாரும் மறுபடி எடுக்கவில்லை. காது கேட்காத ஆள் வண்டியை விட்டான், வண்டி கவிழ்ந்தது. எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிற காரணம் கிடைத்த பிறகு எவன் இன்னொன்றைத் தேடுவான்? மச்சானுக்கு வாய்வார்த்தையாக ஒரு சின்னக் கண்டிப்பு. டக்கு நாளையிலிருந்து பேட்டரி ரூம் என்று ஃபோர்மன் சொன்னார். நேராக முகம் பார்க்க அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் மச்சான் பின்னாலேயே வந்தான். டக்கு நடந்துகொண்டே இருந்தார். அவன் கூப்பிட்டானோ கூப்பிடவில்லையோ.

வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். ஜன்னலோரம் தையல் மெஷின், அதன்மேல் மலைபோலப் பச்சைச் சட்டைகள். மனைவி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் நின்றாள்.

"வேலைய மாத்திட்டாங்க" என்றார் டக்கு. அவ்வளவுதான் சொன்னார். உன் அண்ணன் இப்படிச் செய்துவிட்டான் என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவள் மனசு உடைந்துபோகுமே என்று அதற்கு ஒரு கவலை வேறு.

அவள் அவர் தோளில் கை வைத்தாள். "பரவால்லங்க. பேட்டரி ரூம்னா உக்காந்தே பாக்கலாம். வெயில்ல நிக்க வேண்டியதில்ல. சம்பளமும் குறைக்க மாட்டாங்க."

தண்ணீர் அவர் வாய்வரை வந்து நின்றது.

"பேட்டரி ரூம்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே."

அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"யார் சொன்னா?"

"நேத்து அண்ணன் வந்திருந்தாரு" என்றாள். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப. இங்க உக்காந்து அழுதாரு. உண்மையச் சொன்னா வேலை போயிடும், பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்னாரு. உங்க காதச் சொன்னா உங்களுக்கு இடம் மட்டும்தான் மாறும்னு சொன்னாரு. சொல்லட்டுமான்னு எங்கிட்ட கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

அவள் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"சரின்னு சொன்னேன்."

டம்ளரைக் கீழே வைக்கிற அளவுக்கு அவருக்கு நிதானம் இருந்தது. நேற்று ராத்திரி இவள் கையால்தான் சாப்பிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். காலையில் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்குகிறது என்று நிறுத்தித் தைத்துக் கொடுத்தாள். அந்தச் சட்டையோடுதான் போய்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த டிரைவர் பையன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"எனக்கு ரெண்டு பேரும் வேணுமேங்க. நீங்க தாங்கிப்பீங்க, அண்ணன் தாங்க மாட்டாரு. அதுக்காகத்தான்."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார் டக்கு. குரல் பெரிதாக வந்ததா சின்னதாக வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. "தப்பு என்னோடதுதான், காது கேக்கலன்னு நானே சொல்லியிருப்பேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா. உனக்காகச் செஞ்சிருப்பேன். ரெண்டு பேரும் என்னைக் கேக்கவே இல்லியே."

அவள் முகம் கோணிக்கொண்டது. அழுகையும் பேச்சும் சேர்ந்து வரத் தொடங்கின. அதில் மன்னிப்பு இருக்கலாம், காரணம் இருக்கலாம், அவர்மேல் கோபம்கூட இருக்கலாம். முதல் இரண்டு சொற்கள்வரை அவர் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

மெஷினுக்குக் கீழே பச்சை நூல் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவள் பாதங்கள் தெரிந்தன. பாதங்கள் ஓர் அடி கிட்டே வந்து நின்றன. அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள் என்பது முந்தானை ஆடுவதில் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். டக்கு குனிந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.